குறி உள்ள முனை வலப்பக்கம்

பிப்ரவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. ஃபோன் செய்தால் "ஷிஃப்டுக்கு நேரமாச்சு அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். இரும்போடு சேர்த்துக் கட்டி அனுப்பினால் படித்துத்தானே ஆக வேண்டும்?

பெட்டியைத் திறந்ததும் பயப்படாதே. எண்ணெய்த் துணிக்குள் இருப்பவை கத்திகள்தான். யாரையும் வெட்டுவதற்கு இல்லை. நாங்கள் சிப்பர் வாங்கிவிட்டோம்! வெட்டிப் போட்ட கிளையை ஒரு பக்கம் வாயில் கொடுத்தால், நறுக்கிச் சின்னச் சின்னச் சில்லாக மறுபக்கம் லாரிக்குள் துப்புகிற மெஷின். தொடை கனத்துக் கிளை, நாம் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் காணாமல் போகிறது. முன்பெல்லாம் ஒரு பெரிய மரத்தை இறக்கினால் கிளைகளைக் கட்டி ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவதிலேயே பொழுது சாய்ந்துவிடும். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். முதல் நாள் வேலையைத் தெருவே கூடி நின்று பார்த்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மெஷினைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். பழைய மெஷின் விற்பவரிடம் மூன்று நின்றன. இரண்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். நான் நேராகப் போய் எஞ்சின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பு. "எங்களுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா? ஆறட்டும், நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்" என்றேன். ஆறின எஞ்சின் எழும்புகிறதா என்றுதானே பார்க்க வேண்டும்? டீ குடித்துவிட்டு வந்தால் அந்த இரண்டும் இருமிக்கொண்டே நின்றன. மூன்றாவது, பெயிண்ட் வெளுத்துப்போன கிழம், சாவியைத் திருப்பியதும் எழுந்துவிட்டது. மூடியைத் திறந்து, கத்தி மாட்டுகிற உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பேரிங்கில் ஒரு முனகல் இல்லை. விற்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா எந்த வொர்க்‌ஷாப்?" என்றார். உன் அண்ணன் எனக்குப் பின்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். அது அவர் பெருமைப்படும்போது செய்வது, உனக்குத் தெரியும்.

இனி நம் சங்கடம். கத்தி மழுங்கியது. தெருவில் கத்திரிக்கோல் தீட்டுகிறவரிடம் கொடுத்தோம். அவர் காய்ந்த கல்லில் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. இப்போது கிளையை நறுக்குவதற்குப் பதில் மென்று நார் நாராகத் துப்புகிறது. பெரிய தொழிற்சாலையில் கத்தி தீட்டுகிற பிரிவிலேயே நம் வீட்டுப் பெண் இருக்கும்போது நான் ஏன் கண்டவரிடம் கொடுக்க வேண்டும்?

பெட்டியைக் கட்டியது உன் அண்ணன். யாருக்கு என்று கேட்கவில்லை. நான் முகவரி எழுதியபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் அப்பா போன பிறகு மரம் வெட்டுகிற குழு இவர் கைக்கு வந்தது. "பொம்பளப் பிள்ளை கூலிக்கு மரம் ஏற வேணாம்" என்று இவர் சொன்னார். "நீயா கூப்பிடற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று நீ போனாய். நடுவில் நான் எத்தனை வருஷமாக இருவருக்கும் தபால்காரி.

ஏன் திடீரென்று மெஷின் என்று கேட்பாய். தொழில் பெருகிவிட்டது, அவ்வளவுதான்.

அன்புடன்,
உன் அண்ணி


பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணிக்கு,

இருக்கேன். ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கத்திகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. நல்ல எஃகு, அதைப் போய் இப்படிக் கருக்கியிருக்கிறார் அந்த மனிதர். நீலம் பாய்ந்த இடம் செத்த இடம், எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அது முழுதும் போகும்வரை தேய்த்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அவசரப்படாமல். மேற்பார்வையாளரிடம் கேட்டு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்தேன். அவர் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நின்று பார்த்தார். "இது நம்ம ஆர்டரா?" என்றார். "இல்ல சார், எங்க வீட்டு ஆர்டர்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்க மாட்டேன்.

நான்கும் ஒரே எடை, ஒரே அகலம். ஒன்று கனம் கூடினாலும் உருளை ஆடும், உங்கள் முனகாத பேரிங் அழ ஆரம்பிக்கும். ஒவ்வொரு கத்தியிலும் ஒரு முனையில் புள்ளி அடித்திருக்கிறேன். குறி உள்ள முனை வலப்பக்கம் வர மாட்டுங்கள், அதாவது மெஷின் வாயைப் பார்த்து நிற்கிறவருக்கு வலப்பக்கம். எப்போதும் அப்படியே. அப்போதுதான் எந்த இடம் எப்படித் தேய்கிறது என்று எனக்குப் புரியும்.

பழைய போல்ட் எதையும் திரும்பப் போட வேண்டாம், புதிதாக வாங்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடுக்க வேண்டாம். உருளைக் கத்திக்கும் எதிரே அசையாமல் நிற்கிற கத்திக்கும் நடுவில் ஒரு நாணயம் உரசிக்கொண்டு போகிற இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் நார்தான் வரும். எஞ்சினை நிறுத்திய பிறகும் உருளை வெகுநேரம் சுற்றும். நின்றதைக் கண்ணால் பார்க்காமல் யாரும் மூடியைத் தொடக் கூடாது. மூடி திறந்திருக்கும்போது சாவி உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். வேறு யார் இடுப்பிலும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இடுப்பிலும் இல்லை.

சூடாக்கிக் காட்டிய மெஷினை டீ குடித்தே தோற்கடித்த அண்ணிக்கு என் சல்யூட்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

கத்தி என்றால் அது கத்தி! மாட்டிய அன்று மெஷினின் குரலே மாறிவிட்டது. முன்பு கரகரவென்று சண்டைக்கு வந்தது, இப்போது பாடிக்கொண்டு சாப்பிடுகிறது. சில் எல்லாம் ஒரே அளவு. நெட்டை என்று ஒருவன், நம் குழுவில் இப்போது மரம் ஏறுகிறவன், நீ போன பிறகு சேர்ந்தவன், அவன் ஒரு பிடி அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போனான். எதற்கு என்று கேட்டால், பெண்டாட்டியிடம் காட்டவாம்.

ஆனால் என் வயிற்றெரிச்சலைக் கேள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி மழுங்கிவிட்டது. உன் வேலையில் குற்றம் இருக்காது, எனக்குத் தெரியும். இரும்புதான் மட்டம். விற்றவர் நல்ல கத்தியைக் கழற்றிக்கொண்டு ஏதோ தகரத்தை மாட்டிக் கொடுத்திருக்கிறார். ஒருநாள் அவர் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கிற மாதிரி பேசப்போகிறேன்.

வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் ஒரு வீட்டில் காய்ந்த மரம் ஒன்றை அடியோடு இறக்கினோம். வீட்டம்மா வெளியே போயிருந்தார். திரும்பி வந்து வாசலில் நின்று, "இன்னிக்கு வரலையா நீங்க?" என்று கேட்டார்! முற்றத்தில் ஒரு இலை இல்லை. மரம் இருந்த இடமே தெரியவில்லை. அதுதானே நம் குழுவின் பெயர்? உங்கள் அப்பா காலத்திலிருந்து, போகிற இடத்தை வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். இப்போது அது இன்னும் சுலபம். துடைப்பத்தால் கூட்டி அள்ளி, இலை தூசி குச்சி எல்லாவற்றையும் அப்படியே மெஷின் வாயில் போட்டுவிடுகிறோம். உன் அண்ணன் கடைசிக் கூடையைத் தன் கையாலேயே போடுவார். பூஜை முடித்த மாதிரி ஒரு முகம்.

கத்தியை அனுப்பியிருக்கிறேன். நீயே பார்த்துச் சொல், தகரமா இல்லையா.

அன்புடன்,
உன் அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

விற்றவர் கடைக்குப் போகாதீர்கள். தயவுசெய்து.

கத்தி ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முழுவதும் பொடிப் பொடிப் பொக்கை. மரம் கடித்தால் கூர் மெதுவாக உருண்டு மழுங்கும், பொக்கை விழாது. இது கல் கடித்த பல். கல் எங்கிருந்து வந்தது? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டு இயந்திரத்தை நிறுத்திவைத்துச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி "என்ன?" என்றாள். "எங்க குடும்பப் பெருமை" என்றேன்.

கூட்டி அள்ளினால் இலை மட்டுமா வரும்? மண், சரளை, உடைந்த ஓடு, யாரோ போட்ட ஆணி, எல்லாம் வரும். முற்றம் கண்ணாடியாக ஆகிறது, கத்தி ரம்பமாக ஆகிறது. உலகத்தில் வேறு எந்தக் குழுவும் இவ்வளவு சுத்தமாகத் தங்கள் மெஷினைக் கொன்றிருக்காது.

துடைப்பம் தொட்ட எதுவும் மெஷினுக்குள் போகக் கூடாது. சாக்கில் கட்டித் தனியாக எடுத்துப் போங்கள். தரையில் இழுத்து வந்த அடிக்கட்டையில் மண் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுக் கொடுங்கள். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் யார் சொல்வது என்பது உங்கள் பாடு. நான் தீட்டுவதோடு சரி.

எஃகு அருமையான எஃகு. நீங்கள் நன்றாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை நான் சமையலறையில் சத்தமாகப் படித்தேன். அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய் பாதியில் நின்றது. முழுவதும் கேட்டார். பிறகு துண்டோடு வந்து நின்று, "மெஷின் நம்மளது, வேலை நம்மளது. புத்தி மட்டும் பார்சல்ல வருதா?" என்றார்.

மறுநாள் விடியும் முன் லாரியில் ஏறிப் பார்த்தால் புதுச் சாக்குகள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் "மண்" என்று எழுதியிருக்கிறது. யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நெட்டை பழக்கதோஷத்தில் ஒரு கூடைக் குப்பையை மெஷின் பக்கம் தூக்கிக்கொண்டு வந்தான். உன் அண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஏன்டா, கல்லு கடிச்ச பல்லு பாத்திருக்கியா நீ? மரம் கடிச்சா மழுங்கும், கல்லு கடிச்சா பொக்கை விழும், அதுகூடவா தெரியாது?" என்று கேட்கிறார். என்னமோ தானே பூதக்கண்ணாடியில் பார்த்த மாதிரி! நான் லாரிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

எனக்கும் ஒரு பட்டம் வந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் "சிப்பரம்மா, சிப்பரம்மா" என்கிறார்கள். காலையில் எழுந்ததும் முதலில் மெஷினைத்தான் பார்க்கிறேன். எண்ணெய், பெல்ட்டின் இறுக்கம், ரேடியேட்டரில் அடைத்த தூசி, பேரிங்குக்கு கிரீஸ். ஒழுகி வழிகிற அளவு கிரீஸ் அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. வேலை தொடங்கும் முன் நிறுத்தும் கம்பியைத் தட்டிப் பார்ப்பேன், கிளையை உள்ளே இழுக்கிற உருளைகள் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று வேலை இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். கையுறையில் தொங்கும் வாரைக் கிளையில் சிக்காதபடி நானே கத்தரித்துவிடுகிறேன். சாவி என் இடுப்பில்தான். மெஷினுக்குக் கிளை கொடுப்பதும் நான்தான். வேறு யாரையும் கிட்டச் சேர்ப்பதில்லை.

இந்த முறை கத்தி நிற்கிறது, பார். நீ சொன்னதற்கு நல்ல பலன்.

அன்புடன்,
சிப்பரம்மா என்கிற உன் அண்ணி


ஜூன் 2

அன்புள்ள சிப்பரம்மாவுக்கு,

கத்திகள் வந்தன. இவ்வளவு மரம் சாப்பிட்டும் பொக்கை ஒன்றுகூட இல்லை. இது நேர்மையான மழுங்கல். மேற்பார்வையாளரிடம் காட்டினேன், உங்கள் குழுவைப் பாராட்டினார். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட, போன முறை கல் கடித்த ஓரத்தை அவர் படம் எடுத்து வைத்திருக்கிறார். இந்த முறை உள்ளதையும் பக்கத்தில் ஒட்டப்போகிறாராம்.

ஒரு சந்தேகம். நான்கு கத்தியும் குறி உள்ள பாதியில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. மறுபாதி நான் தீட்டி அனுப்பிய மாதிரியே இருக்கிறது. கிளை முழுவதும் வலது ஓரமாகவே போயிருக்கிறது என்று அர்த்தம். வலது கைக்காரர்கள் மெஷின் வாய்க்கு இடப்பக்கம் நின்று கொடுப்பார்கள், கட்டை இடது ஓரமாகப் போகும். வலப்பக்கம் நின்று கொடுத்தால் இடது கையால் தள்ளுகிற ஆள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும்.

கிளை கொடுப்பது நீங்கள்தான் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இடது கைக்காரி இல்லை. உங்கள் குழுவில் இடது கைக்காரர் யார்?

உங்கள் நாத்தனார்


ஜூன் 10

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். புதிதாக ஒரு ஆள் சேர்ந்திருக்கிறான். அவன் இடது கைக்காரன். அவன்தான் கொடுக்கிறான். வேறு விசேஷம் இல்லை. மழை வரும் போலிருக்கிறது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அண்ணி மழையைப் பற்றி எழுதினால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த ஆளை முதல் வருஷம் கயிற்றைச் சுருட்டக்கூட விட மாட்டார் உங்கள் வீட்டுக்காரர். அவனிடம் மெஷினைக் கொடுத்துவிட்டாராம், அதை நான் நம்ப வேண்டுமாம். ஏப்ரலில் நீங்கள் "வேறு யாரையும் கிட்டச் சேர்ப்பதில்லை" என்று எழுதினீர்கள். நீங்கள் கிட்டச் சேர்க்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் இடது கைக்காரர் இல்லை. பிறகு ஏன் இடது கையால் தள்ளுகிறார்?

என் அண்ணன் வலது கைக்கு என்ன ஆயிற்று?

பதில் வரும்வரை கத்தியை அனுப்ப மாட்டேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 24

அன்புள்ள என் நாத்தனாருக்கு,

கத்தியைப் பணயம் வைத்துவிட்டாய். சரி, கேள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

போன வருஷக் கடைசியில், மெஷின் வாங்குவதற்கு முன்னால், அவர் உச்சியில் இருந்தபோது வெட்டிய கிளை கயிற்றில் சுழன்று வந்து தோளில் அடித்தது. விழவில்லை. அந்த வலியோடு தானே கீழே இறங்கி வந்தார், அதுதான் உன் அண்ணன். ஆனால் வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. மருத்துவர் இனி போகாது என்றுவிட்டார். எழுதலாம், சாப்பிடலாம், பாரம் தள்ளவோ மரம் ஏறவோ முடியாது.

அதற்குப் பிறகு அவர் இருந்த இருப்பை நீ பார்க்கவில்லை, நல்லது. நெட்டையும் மற்றவர்களும் வேலைக்குக் கிளம்பும்போது இவர் பின்வாசலில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். "தொழில் பெருகிவிட்டது" என்று உனக்கு எழுதினேன், பொய். மரத்துக்குக் கீழேயும் இந்த மனுஷன் ராஜா மாதிரி நிற்கிற ஒரு வேலை வேண்டும் என்று தேடித்தான் மெஷின் வாங்கினேன். முதல் கிளையை இடது கையால் அவர் கொடுத்தபோது என் நெஞ்சு அடித்த அடி எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரண்டாவது கிளையிலேயே நெட்டையைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவளுக்குத் தெரிஞ்சா வந்துடுவா. பாவம்னு வருவா. எனக்கு அப்படி ஒருத்தி வர வேணாம்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னார்.

இப்போது ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று, பாதி பட்டுப்போய்க் கூரைக்கு மேல் சாய்ந்திருக்கிறது. லாரி ஏணி உள்ளே போக வழி இல்லை, ஏறித்தான் இறக்க வேண்டும். நெட்டை நல்லவன், ஆனால் நடு உயரம்வரைதான். அதற்கு மேல் அவனுக்குக் கால் நடுங்குகிறது. முடியாது என்று சொன்னால் வேறு குழு எடுக்கும். எடுத்தால் நம் ஆட்களும் அங்கேயே போய்விடுவார்கள், பேச்சு அடிபடுகிறது. மெஷின் இருந்து என்ன, மேலே இருந்து கிளை விழுந்தால்தானே கீழே நறுக்க முடியும்?

உன்னை வா என்று நான் எழுதவில்லை. கேட்டாய், சொன்னேன்.

உன் அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலைமேசையிலேயே படித்தேன். அன்று முழுவதும் ஒரு கத்தியும் நேராக வரவில்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நான் வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னது சரி. பாவம் என்று நான் வந்து நின்றால் அது அவருக்கும் அவமானம், எனக்கும் அவமானம். அவர் அப்படித் திடமாக மறுத்தார் என்று படித்தபோது எனக்கு அழுகையோடு பெருமையும் வந்தது. அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

நானும் உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவோடு மரம் ஏறுகிறேன். வந்த புதிதிலிருந்தே. முதலில் கீழே நிற்கத்தான் சேர்த்தார்கள். இப்போது உச்சிக்குப் போக வேண்டுமென்றால் "அந்தம்மா வரட்டும்" என்று ஞாயிறுவரை காத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு தைலமரத்தை மின்கம்பிக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவில் துண்டு துண்டாக இறக்கினேன். ஒரு ஓடு உடையவில்லை. வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லவில்லை. இதை நீங்கள் அவருக்குப் படித்துக் காட்டினாலும் சரி, உங்களோடு வைத்துக்கொண்டாலும் சரி.

கத்திகளை அனுப்பிவிட்டேன். நடுநடுவே இடது ஓரமாகவும் கிளை கொடுக்கச் சொல்லுங்கள் என்று எழுத உட்கார்ந்தேன், அப்படித்தான் எங்கள் பிரிவில் சொல்வோம். பிறகு அடித்துவிட்டேன். அவர் அந்தப் பக்கமே நிற்கட்டும். ஒரு பாதி தேய்ந்தால் மறுபாதியையும் அதற்குச் சமமாகத் தேய்த்துக் கொடுக்கிறேன். கத்தி சீக்கிரம் தீரும். தீரட்டும், வேறு வாங்கலாம்.

தோளை வெந்நீர் ஒத்தடம் இல்லாமல் தூங்க விடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 13

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அண்ணி மெஷினுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குத் தெரியாது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அதற்குத் தோள் காரணம் இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான்.

நேற்று ஒரு பெரிய தோட்டத்தில் வேலை. செடிகளுக்கு அடியில் பரப்ப வேண்டும் என்று சில் முழுவதையும் தோட்டக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். நரைத்த மனிதர், தொழில் தெரிந்தவர். கையில் அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "எத்தனையோ மெஷின் வந்து போயிருக்கு. இப்படி ஒரே அளவா விழுந்து நான் பாத்ததில்ல. யாரு கத்தி தீட்டறது?" என்று கேட்டார். உன் அண்ணி வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன், "என் தங்கச்சி."

நெட்டை கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, உங்களுக்குத் தங்கச்சி இருக்கா?" என்றான்.

இத்தனை வருஷம் என்னோடு வேலை பார்க்கிறவன். என் வீட்டில் சாப்பிடுகிறவன். கத்தி யாரோ சொந்தக்காரப் பெண்ணிடம் போகிறது என்று நினைத்திருக்கிறான். "இருக்கா. மரம் ஏறுவா. என்னைவிட நல்லா ஏறுவா" என்று சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

உன் கடிதத்தை உன் அண்ணி படித்துக் காட்டினாள். தைலமரம் இறக்கிய இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். பாவம் பார்த்து வர மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. நானும் பாவம் பார்க்கக் கூப்பிடவில்லை. அன்றைக்குச் சொன்னது அன்றைக்கு. இன்றைக்கு உச்சிக்குப் போக எனக்கு ஒரு ஆள் வேண்டும், ஊரில் இருப்பதிலேயே நல்ல ஆள் வேண்டும், அதனால் உன்னைக் கூப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் போய் "நாங்க எடுத்துக்கறோம், என் தங்கச்சி ஏறுவா" என்று சொல்லிவிட்டேன். விடுமுறையில்தான் வேலை, நாள் இருக்கிறது.

மேலே நீ. கீழே கயிறு நான் பிடிப்பேன். அடிமரத்தில் சுற்றிப் பிடித்தால் ஒரு கை போதும். ஒரு கைதான், ஆனால் என் கை.

இன்று சாயங்காலம் கடைக்குப் போனேன், உனக்கு ஏறுகிற பெல்ட் வாங்க. உன்னிடம் ஒன்று இருக்கும், இருக்கட்டும். என் மரத்தில் ஏறுகிறவளுக்கு நான்தான் வாங்கித் தர வேண்டும். இருப்பதிலேயே நல்லதை எடுத்து வைத்தேன். கடைக்காரர், "உங்க தங்கச்சி இடுப்பு அளவு என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது நீ ஒல்லியாக இருந்தாய். அளவு கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அளவை எழுதி உடனே அனுப்பு. அந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்